பாலிமர் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தீர்களா?

எம்.ஃபார்ம் (மருந்தாக்கத் துறை முதுகலை) ஆய்வேடுகள் பார்வைக்கு வரும் பருவம் இது. மருந்தின் பெயர் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். நீரில் சரியாகக் கரையாத ஒரு மருந்து, அதைப் பொதிந்து மெதுவாக வெளியே விட ஒரு பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள்), எஃப்1 முதல் எஃப்8 வரை எட்டு ஃபார்முலேஷன், அதாவது எட்டுக் கலவை. அதில் எஃப்5 அல்லது எஃப்6 ஜெயிக்கும். (எஃப்1 ஜெயித்து நான் பார்த்ததே இல்லை.) டிசல்யூஷன் கருவியில் (சாடியில் ஊடகம் என்ற திரவத்தை ஊற்றி, மருந்தைப் போட்டுச் சுழற்றி, எவ்வளவு கரைகிறது என்று அளப்பது) 12 மணி நேரம் ஓட்டி, மெதுவாக ஏறும் ஒரு வளைவைப் போட்டு, "மருந்து வெளியீடு நீட்டிக்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள்.

நீட்டித்தது யார்? பாலிமரா, இல்லை கரைய மறுக்கும் அந்த மருந்தேவா? நான் படித்த பெரும்பாலான ஆய்வேடுகளில் இதற்குப் பதில் கிடையாது. வெறும் மருந்துப் பொடியை அதே அளவுத் துகளாக்கி, அதே சாடியில், அதே வேகத்தில் சுழற்றி ஒரு வளைவு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு வளைவுதான் இருக்காது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பிஎல்ஜிஏ என்று ஒரு பாலிமர். உடலுக்குள் நீர் பட்டு, சங்கிலி அறுந்து, லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமுமாகக் கரைந்துபோகும். ஆபரேஷனில் போடும் கரையும் தையல் நூலும் இதே குடும்பம்தான். இதையும் மருந்தையும் டைக்ளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, பிவிஏ (துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது) கலந்த நீரில் விட்டு வேகமாகக் கலக்கினால் துளித்துளியாகப் பிரியும். கரைப்பான் ஆவியாகப் போகப் போகத் துளிகள் இறுகி, சில பத்து மைக்ரான் அளவு உருண்டைகளாகும். நீரில் கரையும் மருந்தாக இருந்தால் பாதி வழியிலேயே வெளியே ஓடிவிடும். கரையாத மருந்து துளிக்குள்ளேயே தங்கும். மாணவர்கள் அப்படிப்பட்ட மருந்தையே தேடி எடுப்பது அதனால்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே போகாத மருந்தும் நீரில் கரைந்து தொலைவதில்லை, படிகமாக இறங்கிவிடும். வடிகட்டும்போது உருண்டைகளோடு சேர்ந்து அதுவும் ஃபில்டரில் நிற்கும். இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு, என்காப்சுலேஷன் எஃபிஷியன்சி (போட்ட மருந்தில் உருண்டைக்குள் போன பங்கு) 90 சதவீதத்துக்கு மேல் என்று எழுதிவிடுகிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் உருண்டைகளுக்கு நடுவே ஊசி ஊசியாகத் தெரியும்.

சாடிக்குள் நடப்பது இன்னொரு கூத்து. கரையாத மருந்துக்கு ஊடகத்தின் கொள்ளளவு ரொம்பக் குறைவு. பாதி வழியிலேயே அது நிரம்பிவிட்டால், அப்புறம் உருண்டையிலிருந்து எதுவும் வெளியே வராது. பாகு பதம் வந்த பாத்திரத்தில் மேலும் சர்க்கரையைக் கொட்டினால் கரையாமல் அடியில் கிடக்குமே, அந்தக் கதை. வளைவு சமதளமாகும், நாம் பாலிமரைப் பாராட்டுவோம். மொத்த மருந்தும் கரையத் தேவைப்படுவதைப்போல் மூன்று மடங்கு ஊடகமாவது இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதிதான். வாய்மொழித் தேர்வில் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வேட்டில் அந்தக் கணக்கு இருக்காது.

இது வெறும் கல்லூரிச் சண்டை இல்லை. மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெரிடோனை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிஎல்ஜிஏ உருண்டைகளில் அடைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசியாக, 2003-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது ரிஸ்பெர்டால் கான்ஸ்டா. ஒரு கிராம் உருண்டையில் 381 மில்லிகிராம் மருந்து என்பது சாதாரண வேலை இல்லை, அதை மதிக்கிறேன். ஆனால் தொடக்கத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மருந்து கசியும். பாலிமர் நீரை உறிஞ்சி, அறுபட்டு, கரையத் தொடங்கும்வரை பெரிதாக எதுவும் வராது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் முக்கிய வெளியீடு. அதுவரை நோயாளி மாத்திரையும் சாப்பிட்டாக வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுக்க முடியாதவருக்காகத்தானே ஊசி! போதாக்குறைக்கு ஃபிரிட்ஜில் வேறு வைக்க வேண்டும்.

ரிஸ்பெரிடோன் உடலில் மாறிப் பாலிபெரிடோன் ஆகிறது. கான்ஸ்டாவை விற்ற அதே நிறுவனம் அதை ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்த்து பால்மிடேட் எஸ்டராக்கியது. கரைதிறன் அடிமட்டத்துக்குப் போனது. அந்தப் படிகங்களை நுணுக்கி, நீரில் மிதக்கவிட்டு, பாலிமரே இல்லாமல் ஊசியாக்கினார்கள். 2009-இல் மாதம் ஒரு ஊசி வந்தது. அதே உத்தியில் 2015-இல் மூன்று மாத ஊசி, 2021-இல் ஆறு மாத ஊசி. தொடக்க ஊசிகள் இரண்டையும் ஒரு வார இடைவெளியில் போட்டுவிட்டால் மாத்திரைத் துணை தேவையில்லை, ஃபிரிட்ஜும் தேவையில்லை. கரையாமையே காவலாக நிற்கும்போது பாலிமர் எதற்கு என்ற கேள்வியை அங்கே யாரோ சீரியஸாகக் கேட்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பாலிமரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூட்டு வலிக்கு முழங்காலில் போடும் டிரையம்சினலோன் அசிட்டோனைடும் நீரில் கரையாத ஸ்டீராய்டுதான். சாதாரணப் படிக ஊசி பல காலமாக இருக்கிறது. 2017-இல் அதையே பிஎல்ஜிஏ உருண்டையில் அடைத்து ஸில்ரெட்டா என்று கொண்டுவந்தார்கள், 32 மில்லிகிராம். மூட்டு நீரில் 12-வது வாரத்திலும் மருந்து இருந்தது. சாதாரண ஊசியில் 6-வது வாரத்திலேயே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சரி, வலி? மருந்தில்லாத போலி ஊசியை வென்றது. ஆனால் அன்றாட வலி அளவுகோலில், பழைய படிக ஊசியைவிடச் சிறந்தது என்று பெரிய சோதனையில் நிரூபிக்க முடியவில்லை. ஆதாயம் வேறு இடத்தில் வந்தது. மருந்து மெதுவாக ரத்தத்தில் கலப்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சர்க்கரை எகிறுவது குறைந்தது. எனக்கு இது நல்ல வேலையாகவே படுகிறது. பழைய ஊசியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால்தான் இந்த இரண்டு விஷயமும் வெளியே தெரிந்தன. அந்த ஒப்பீடு இல்லையென்றால் விளம்பரம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

மாணவர்களைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கையில் இருப்பது சில மாதங்கள். பிஎல்ஜிஏ யானை விலை. ஆறேழு வாரம் கசியும் உருண்டையை ஷேக்கரில் வைத்துக் காத்திருந்தால், நடுவில் மின்தடை வந்து எல்லாம் போகும். அதனால் எத்தில் செல்லுலோஸ் என்ற வேறு பாலிமரை எடுத்து, 12 மணி நேரத்தில் முடியும் வாய்வழி மருந்தாகச் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. அந்தத் தலைப்பைக் கொடுத்து, அந்த வளைவுக்குக் கையெழுத்தும் போடும் வழிகாட்டிகளிடம்தான் எனக்குக் கோபம். வெறும் பொடியின் டிசல்யூஷனுக்கு ஒரு நாள் கூடப் போதும், கூடுதல் செலவும் கிடையாது. அடுத்த தடவை வரைவு அனுப்பும்போது அந்த வளைவையும் அதே படத்தில் போட்டு அனுப்புங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். நான் மார்க் குறைக்க மாட்டேன்.