மீன மட்டும் எண்ணாதீங்க, கீழ இருக்குற தரையையும் பாருங்க

தங்கச்சி மக தீபாவளி லீவுக்கு கோத்தகிரி வந்திருந்தா. வெளிய மழை, கரண்ட் இல்ல, லேப்டாப்புல மிச்சம் இருந்த சார்ஜ்ல மன்னார் வளைகுடாவுல பவளமும் மீனும் கணக்கெடுக்குற அவங்க டீம் கடலுக்கு அடியில எடுத்த ஒரு வீடியோவ போட்டுக் காமிச்சா. நான் மீனத்தான் தேடிட்டு இருந்தேன். "பெரியம்மா, மீன விடுங்க, கீழ பாருங்க"ன்னா. கீழ தரையோட தரையா ஒரு டேப் நீளமா ஓடுது, அதுக்கு அடியில கொஞ்ச தூரம் உயிருள்ள பவளம், அப்புறம் செத்துப்போன பவளம், அது மேல பாசி, அப்புறம் ஒடஞ்ச துண்டுங்க, கடைசில வெறும் மணல். ஒவ்வொண்ணும் எத்தன சென்டிமீட்டர்னு எழுதிக்கிட்டே போவாங்களாம், தண்ணிக்குள்ளயே, ஸ்லேட்டுல பென்சில் வச்சு.

மலையில இருக்குறவளுக்கு கடல் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. எங்க அம்மாயி 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்புல இருந்துட்டு இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவங்க. அவங்க கடந்து வந்த தண்ணிக்குத் தென்பக்கம்தான் மன்னார் வளைகுடாவோட இந்த 21 தீவும். நம்ம நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமும் 1986, அந்தத் தீவுங்கள கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சதும் 1986. எனக்கு ரெண்டும் வேற வேற ஊரு விஷயமா தெரியல.

அங்க மீன் எப்படி எண்றாங்கன்னு அவ சொன்னா. 50 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் சேத்து 5 மீட்டர் அகலம், அதுக்குள்ள மெதுவா நீந்திட்டே போகணும். களவா மாதிரி பெரிய மீன், ஆளக் கண்டா ஓடுறது எல்லாத்தையும் மொதல்ல எண்ணிடணும், எடத்த விட்டு நகராத சின்ன மீன அப்புறம் பாத்துக்கலாம். எத்தன, என்ன இனம்ங்கறதோட நிக்காது, ஒவ்வொண்ணும் எத்தன சென்டிமீட்டர் இருக்கும்னு கண்ணாலயே மட்டு போடணும், நீளத்த வச்சுத்தான் எடையக் கணக்குப் போடுவாங்க. தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத் தெரியும்ங்கறதால மீன் மாதிரி வெட்டுன மாடல வச்சு ட்ரெய்னிங் எடுத்துட்டுதான் எறங்குறாங்க. கேமராவோட இரையக் கட்டி கீழ எறக்குற முறையும் உண்டு, அதுல ஒரே மீன் பத்து தடவ வந்து போகும், அதனால ஒரே காட்சியில அதிகபட்சம் எத்தன தெரிஞ்சுதோ அதத்தான் கணக்குல எடுப்பாங்க. இவ்வளவு கவனமா செய்ற வேலைன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஆனா இவ்வளவு செஞ்சும் மீன் கணக்கு மட்டும் தனியா நின்னா அது நம்மள ஏமாத்திடும், நான் சொல்ல வர்றது இதத்தான். 2010லயும் 2016லயும் கடல் சூடாகி அங்க பவளம் வெளுத்து, கொஞ்சம் செத்தும் போச்சு. பவளம் செத்த அன்னிக்கே மீன் போயிடாது. செத்த பவளம் கூடு மாதிரி நின்னுட்டுதான் இருக்கும், பொந்து இருக்கும், மீன் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும், வருஷக்கணக்கா அப்படியே ஓடும். அப்புறம் அலை அடிச்சு அடிச்சு அது நொறுங்கித் துண்டாகி உருளும்போதுதான் மீன் கொறயும், அப்ப எண்ணிப் பாத்து அய்யோன்னா என்ன பண்றது? பக்கத்துப் பார் அழிஞ்சு அங்க இருந்த மீனெல்லாம் மிச்சம் இருக்குற பாருக்கு வந்து சேந்தாலும் அங்க எண்ணிக்கை கூடத்தான் செய்யும். (கடக்கரையில பவளப்பாறைய பார்னுதான் சொல்றாங்க.) பேப்பர்ல "மீன் வளம் பெருகியது"ன்னு வந்துடும், நம்மளும் ஷேர் பண்ணிடுவோம்.

இத நான் இங்க கண்ணால பாத்திருக்கேன். 2024ல தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்துல வரையாடு கணக்கெடுத்தாங்க, 1,031. அடுத்த வருஷம் 1,303. கேக்க எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. ஆனா இங்க வரையாடு மேயுற முக்கூர்த்தி பக்கம் சீகை மரம் (வாட்டில்) புல்வெளிய மூடிட்டு வர்றது ஆட்டுக் கணக்குல ஒடனே தெரியாதுல்ல? புல்லு போனா ஆடு எங்க மேயும்? கடலுக்கு அடியிலயும் அதே கததான். கிளிமீனும் ஓராவும் பாசியச் சொரண்டித் திங்குறதாலதான் புதுப் பவளக் குஞ்சு ஒட்டுறதுக்குச் சுத்தமான கல்லு கெடைக்குது, அந்தக் கல்லும் உருளாம நிக்கணும். தரைக்கு மீன் வேணும், மீனுக்குத் தரை வேணும்.

21 தீவுல ரெண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இன்னிக்குத் தண்ணிக்கு மேல இல்ல. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு சுத்தி இருந்த பவளத்த வெட்டி வெட்டி எடுத்தாங்க, அலையத் தடுக்க ஒண்ணும் இல்லாம போச்சு, தீவே முங்கிடுச்சு. வான் தீவும் அந்த நெலமைக்கு வந்தப்புறம்தான் செயற்கைப் பாறைகள எறக்குனாங்க. நல்ல காரியம், மனசாரச் சொல்றேன். ஆனா அங்கயும் மீன் வந்துச்சான்னு மட்டும் பாத்தா போதாது. அந்த மீன் அங்கயே பொறந்து வளருதா, பக்கத்துல இருந்து ஒதுங்க வந்ததா, பாறை மேல பவளம் ஒட்டுதா, பக்கத்துல கடற்புல் திரும்ப மொளைக்குதா, இதெல்லாம் ஒரே எடத்துல வருஷா வருஷம் எறங்கிப் பாத்தாத்தான் தெரியும். ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சு பணம் நின்னதும் சர்வேயும் நிக்கிற பழக்கம் இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மூணு வருஷம் பாத்துட்டு நாலு வருஷம் விட்டா, அந்த நாலு வருஷத்துல செத்தது எப்ப செத்துச்சுன்னு யாரு சொல்லுவா?

அங்க முக்குளிச்சுப் பாசி எடுக்குற அக்காங்க இருக்காங்க, தலைமுறையா அந்தத் தரையத் தொட்டுப் பொழைக்குறவங்க. எந்தப் பார் எப்ப வெளுத்துச்சு, எங்க மணல் ஏறுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். தீவுப் பக்கம் வராதேன்னு சொல்ற நேரத்துல, சர்வேக்கு வாங்கன்னு சம்பளம் கொடுத்துக் கூப்பிடலாமே. நம்ம மலையில காட்டுக் கணக்கெடுப்புக்குப் பழங்குடி ஆளுங்க முன்னாடி நடக்கலையா?

இன்னொண்ணும் கேக்குறேன். படகுத்துறையில எல்லாம் ஒரு போர்டு வைங்க, தமிழ்ல. மீன் இவ்வளவுன்னு எழுதுற அதே வரிசையில, இந்தப் பாருல உயிர்ப் பவளம் நூத்துக்கு எவ்வளவு, செத்தது எவ்வளவு, போன வருஷம் எவ்வளவுன்னு எழுதுங்க.