எஸ்எஸ்டி போடச் சொன்னது நான்தான், இப்போ என்னங்கிறீங்க?

இரண்டு நாளாக இன்பாக்ஸில் ஒரே ஸ்கிரீன்ஷாட்தான் வந்துகொண்டிருக்கிறது. லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சிப்பிலேயே சேமித்து வைக்கும் டிரைவ்) போட்டுக்கொண்ட நண்பர் ஒருவரின் பதிவு. உங்களில் பாதிப் பேர் அங்கே சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். "இவர் பேச்சைக் கேட்டு எஸ்எஸ்டி போட்டேன், எட்டே மாசத்துல செத்துப்போச்சு, ஒன்பது வருஷப் போட்டோவும் போச்சு." என்னை டேக் பண்ணி, கீழே அறுபது கமெண்ட். ஒருவர் "எஸ்எஸ்டி சாமியார்" என்று பட்டமே கொடுத்துவிட்டார். ரொம்ப நன்றி.

சரி, சொன்னது நான்தான். இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கோடு தவழ்ந்துகொண்டிருக்கும் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியை விட உருப்படியான வைத்தியம் கிடையாது.

அந்த லேப்டாப் எப்படி இருந்தது என்று அறுபது பேரில் ஒருவருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். என் மேசையில்தான் கிடந்தது. பட்டனை அமுக்கியதிலிருந்து பிரவுசரில் ஒரு எழுத்து அடிக்க முடிகிற வரைக்கும் போனில் ஸ்டாப்வாட்ச் ஓட விட்டேன். ஆறு நிமிடம் நாற்பது விநாடி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100%, பிராசஸர் 8%. அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, கை எடுத்துக் கொடுத்தால்தானே வேலை செய்ய? மாற்றிய பிறகு எல்லாமே இருபத்தைந்து விநாடிக்குள் முடிந்தது. "புது லேப்டாப் மாதிரி இருக்கு தலைவா" என்றார் அன்றைக்கு. அதற்கு ஸ்கிரீன்ஷாட் இல்லை, நேரில் சொன்னது.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் தட்டைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஹெட் அந்த இடத்துக்கு நகர வேண்டும். இந்த ஓட்டத்தில் விநாடிக்கு நூறு இடத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள். எஸ்எஸ்டியில் சுற்றவும் எதுவும் இல்லை, நகரவும் எதுவும் இல்லை. அவ்வளவுதான் ரகசியம்.

இனி கமெண்ட் நிபுணர்கள். "முதல்ல ராம் போட்டிருக்கணும்." 4 ஜிபி இருந்தால் அதுவும் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். அவருடையதில் 8 இருந்தது. "கேம்ல எஃப்பிஎஸ் ஏறாதே." ஏறாது. விநாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை ஏறும் என்று யார் சொன்னது? "சாட்டா ஏன் போட்டீங்க, என்விஎம்இ போட்டா 3500 எம்பி ஸ்பீடு வருமே." ஐயா, சாட்டா பழைய இணைப்பு, என்விஎம்இ அதைவிட வேகமான வகை, சரி. ஆனால் அதைச் சொருகும் எம்.2 ஸ்லாட்டே அந்த லேப்டாப்பில் கிடையாது, எங்கே சொருகுவது? தவிர, மெயில் பார்த்து எக்செல் திறக்கிறவருக்கு சாட்டாவின் 550க்கும் உங்கள் 3500க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எனக்கு எரிச்சலே "எழுத எழுதத் தேஞ்சு போகும்" என்கிற பாட்டுதான். தேயும், இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? எஸ்எஸ்டிக்குள் டேட்டாவைப் பிடித்து வைக்கும் ஃபிளாஷ் செல்லுக்கு இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கணக்கு உண்டு. ஒரே செல்லில் மூன்று பிட்டைத் திணிக்கும் டிஎல்சியை விட நான்கைத் திணிக்கும் கியூஎல்சி சீக்கிரம் தேயும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 500 ஜிபி டிரைவ் ஒன்றுக்கு 300 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 30 ஜிபி எழுதினால் பத்தாயிரம் நாள். இருபத்தேழு வருஷம். நாமெல்லாம் தினமும் 30 ஜிபி எழுதி எந்த ராக்கெட்டை விடுகிறோம்? எஸ்எஸ்டிக்குள் இருக்கும் இந்த நாண்ட் ஃபிளாஷை டோஷிபாவில் மசுவோகா என்ற பொறியாளரின் குழு அறிவித்தது 1987ல். நேற்று முளைத்த சமாச்சாரம் மாதிரிப் பேசாதீர்கள்.

அவருடைய டிரைவ் தேய்ந்து சாகவில்லை. எட்டு மாசத்தில் எதுவும் தேயாது. முந்தின ராத்திரி வரை நன்றாக ஓடி, காலையில் டிரைவே காணோம் என்றால் அதை இயக்கும் சிப், அதாவது கன்ட்ரோலர், போயிருக்கும் என்பது என் ஊகம்.

இங்கேதான் ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பல நேரம் சொல்லிவிட்டுச் சாகும். என்னுடையது ஒன்று மூன்று நாள் "டிக்... டிக்..." என்றது, அதற்குள் முக்கால்வாசியைக் காப்பி பண்ணி எடுத்துவிட்டேன். எஸ்எஸ்டி பேசாது. போனால் போனதுதான், மீட்பதும் அநேகமாக ஹார்ட் டிஸ்க்கை விடக் கஷ்டம். தெரியாமல் டெலீட் பண்ணியதைக்கூட, டிரிம் (டெலீட் ஆன இடத்தைக் காலி பண்ணச் சொல்லும் கட்டளை) ஓடிவிட்டால் மறந்துவிட வேண்டியதுதான். இது குறைதான். சின்னக் குறையும் இல்லை.

ஆனால் ஹார்ட் டிஸ்க் என்ன, சிரஞ்சீவியா? என் மகளின் முதல் வருஷப் போட்டோ அத்தனையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டில் விளிம்பிலிருந்து விழுந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது. அவள் குப்புற விழுந்ததும் முதல் பல்லும் இப்போது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. நான் யாரையும் டேக் பண்ணவில்லை. அன்றிலிருந்து எதுவானாலும் இரண்டு இடத்தில் வைக்கிறேன்.

"பேக்கப் பத்திச் சொல்லாம வித்துட்டாரு" என்று ஒரு கமெண்ட். வித்துட்டாரா? நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து, அடியில் பத்து ஸ்க்ரூ கழற்றியும் மூடி வரவில்லையே என்று திணறி, பதினொன்றாவது ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் பண்ணிக் கொடுத்தேன். கேட்காமலே கீபோர்டில் இருந்த தூசியையும் தட்டிக் கொடுத்தேன். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

சொல்லவும் செய்தேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது. "பேக்கப் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோங்க." தலையாட்டினார். செருப்பு மாட்டுகிறவரிடம் சொன்னது சொன்ன கணக்கில் வராது என்றால் அது என் தப்புதான். உட்கார வைத்துச் சொல்லியிருக்கணும். ஆனால் "எஸ்எஸ்டி போட்டதால் போட்டோ போச்சு" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஒரே இடத்தில் வைத்ததால் போச்சு.

அறுபது கமெண்ட்டில் வருத்தம் இருந்தது, சிரிப்பு இருந்தது, எனக்கு அர்ச்சனை இருந்தது. பழைய டிஸ்க் என்ன ஆச்சு என்று ஒருத்தர் கேட்கவில்லை.

நண்பரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை நான் பபிள் கவரில் சுற்றி, மேலே தேதி எழுதி, உங்கள் பையின் முன் ஜிப்பில் வைத்தேன். அதை நீங்கள் ஃபார்மட் பண்ணாமல் இருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உள்ள எல்லாப் போட்டோவும் அதில் அப்படியே இருக்கும். போனது எட்டு மாசம்தான், ஒன்பது வருஷம் இல்லை. பையைத் தேடுங்கள். கிடைத்தால் நீங்களாக எதிலும் சொருகாதீர்கள், அந்த கவரோடு எடுத்து வாருங்கள். யூஎஸ்பி கேபிள் என்னிடம் இருக்கிறது.