வடகடல் பாசியும் தென்கடல் கல்லும்

போன வாரம் டீக்கடையில் மாமா கேட்டார்: “ஏன் மாப்ள, அன்னைக்குப் பாசியை வளர்க்கச் சொன்னதும் விஞ்ஞானி. அது பவளப்பாறையைக் கொல்லுதுன்னு சொல்றதும் விஞ்ஞானி. யார் பேச்சை நம்பித் தொழில் செய்ய?”

அவர் கேட்டது கப்பாபைகஸ் பாசியைப் பற்றி. பாம்பன், மண்டபம் பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி அது. ஐஸ்கிரீம், பற்பசையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கராஜீனன் அதிலிருந்துதான் வருகிறது. 1990-களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அப்புறம் வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில் மூங்கில் மிதவை கட்டி எங்கள் பெண்கள் வளர்க்கத் தொடங்கினார்கள். 45 நாளில் அறுவடை.

அதற்கு முன்னால் என் அம்மா காலில் தகட்டைக் கட்டி, விரலில் துணி சுற்றி, தென்கடலில் (மன்னார் வளைகுடா) முங்கி, அங்கே தானாக விளையும் மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர். பவளக்கல் கிழித்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. நான் காலேஜ் படித்த பணம் மிதவையில் வந்தது. அந்தப் பாசியைத் திட்ட எனக்கு வாய் வராது.

ஆனால் 2008-ல் தென்கடலில் இருக்கும் குருசடைத் தீவில், உயிரோடு இருக்கும் பவளத்தின் மேல் இதே பாசி படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பார்த்து எழுதினார்கள். ஒரு துண்டு ஒடிந்து போய் ஒட்டினாலே போதும், தழைத்துவிடும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வாங்கித்தான் அதற்குச் சோறு போடுகிறது. மேலே மூடிவிட்டால் பவளம் பட்டினிதான்.

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். முதலில் சொன்னதோடு நிற்காமல் மறுபடி கடலில் இறங்கிப் பார்த்தவர்களும் ஆய்வாளர்கள்தானே? பார்த்ததும் பேச்சு மாறியது. மாறியதால்தான் நான் நம்புகிறேன்.

என் கோபம் வேறு. அந்தச் சேதி ஆங்கிலத்தில் அச்சானது. எங்கள் கரைக்கு வரவில்லை. அம்மாவே ஒரு நாள், “தென்கடல்ல கல்லு மேல ஏறுதுய்யா” என்று மிதவைக் கணக்கு எழுத வந்தவரிடம் சொன்னார். “உனக்கென்னம்மா தெரியும்” என்று விட்டுவிட்டுப் போனார் அவர். நாற்பது வருஷம் அந்தக் கல்லைத் தொட்டு வாழ்ந்தவருக்கு!

பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் இதே மாமா வள்ளத்தை இறக்க மாட்டார். வானிலை ஆய்வு படித்தா நம்புகிறார்? சேதி கரைக்கே வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, தப்பாகிப் போனால் மறுநாளே தெரிந்துவிடும். 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர் வேறு. பாசிக்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில், பாசி வளர்ப்பைப் பெருக்கக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. மிதவை இன்னும் பெருகும். எங்கே ஒட்டுகிறது என்று மாதாமாதம் பார்த்து, தமிழில் எழுதி, பாசி எடைபோடும் இடத்திலேயே ஒட்டட்டும்.

இந்த வருஷம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பையன் அம்மாவிடம் வந்து விசாரித்தான். அம்மா மணலில் விரலால் தீவைக் கீறி, பாசி ஏறிய இடங்களில் சிப்பி வைத்துக் காட்டினார். “முடிவு வந்ததும் எங்களுக்கும் சொல்லணும் தம்பி” என்றார். மூன்று மாதம் கழித்துத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். நான் வாசித்தேன். நடுவில் அம்மா நிறுத்தினார்: “அது கிழக்கால இல்ல தம்பி, தெக்கால.” அவன் தாளில் வரைந்திருந்த தீவுப் படத்தை ஒருமுறை பார்த்தான், பேனாவை எடுத்துத் திருத்தினான்.