காப்பர் டேப் ஒட்டினால் ஹம் முழுதும் போகுமா?

எலக்ட்ரிக் கிதாரின் உட்குழியில் காப்பர் டேப் ஒட்டி கிரவுண்ட் கொடுத்தால், சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், ஒரே சுருள் கொண்ட பாகம்) ஹம், அதாவது ஆம்ப்ளிஃபயரில் கேட்கும் இரைச்சல், முழுதும் போய்விடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரிங்க.

டேப் தடுப்பது மின்புலத்தால் வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை. டிரான்ஸ்பார்மர், மோட்டார் பக்கமிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' காந்தப்புலத்தால் வருவது. அதைத் தடுக்கச் செம்பு பல மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். நாம் ஒட்டுவதோ காகிதம் போல மெல்லியது.

நீங்களே பார்க்கலாம். டேப் ஒட்டிய கிதாரை ஆம்ப்பில் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்து விசைத்தறி. தறி ஓடும்போது சுவரைப் பார்த்து நின்றால் ஹம் ஏறும், கால் வட்டம் திரும்பினால் ஏறக்குறைய அடங்கிவிடும். டேப் அதேதான், மாறியது காயிலின் கோணம் மட்டுமே. கிதார் கம்பியைத் தொட்டதும் குறையும் சத்தம் இருந்தால், அங்கே டேப் உதவும். அப்போதும் டேப்பிலிருந்து ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) கிரவுண்டுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

ஹம்மே ஒழிய வேண்டுமென்றால், எதிரெதிராக இணைத்த இரண்டு காயில் வேண்டும். கிப்சன் கிதார் கம்பெனியில் சேத் லவர் 1955-இல் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பைச் செய்தது அதற்காகத்தான்.