எல்லா அந்நியரும் நமக்கு ஒரே அந்நியர் அல்லர்

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் இந்தியோ ஒடியாவோ பேசும் இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏறிவிட்டால், பெட்டியில் இருக்கும் நம்மவர்கள் சற்றே ஒதுங்கி அமர்வதையும் கைப்பைகள் மடிக்கு வருவதையும் அன்றாடம் காணலாம். நானும் அந்த நம்மவர்களில் ஒருவன்தான். பேச்சு புரியாததால், நம்மைப் பற்றித்தான் சொல்லிச் சிரிக்கிறார்களோ என்ற ஐயம் எனக்கும் எழுகிறது. இதை வெளியே சொன்னால் முற்போக்கு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். மற்றவர்களோ "வடக்கனுங்கன்னாலே அப்படித்தான் சார்" என்று உற்சாகமாகத் தொடங்கிவிடுகிறார்கள்.

பழகாத முகத்தைக் கண்டு மனம் தயங்குவதில் வியப்பில்லை. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகள் தாம் அதிகம் பார்த்துப் பழகிய இனத்தவரின் முகங்களை நாடுவதையும், ஒன்பது மாதம் ஆவதற்குள் மற்ற இனத்தவரின் முகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் திறன் அவர்களுக்குக் குறைந்துவிடுவதையும் உளவியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க" என்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கலாம்.

ஆனால் இந்த விளக்கம் சென்னைக்குப் பாதி தூரம்தான் வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியதை ஒட்டி இங்கே கொரியர்கள் கணிசமாகக் குடியேறினார்கள். அவர்களுடைய மொழி நமக்கு இந்தியைவிடப் பன்மடங்கு அந்நியமானது, உணவும் அப்படியே. இருந்தும் ஒரு கொரிய மேலாளர் வாடகைக்கு வீடு கேட்டால், "அசைவம் சமைப்பீர்களா" என்று வழக்கமாகக் கேட்கும் உரிமையாளர்கூடச் சற்று யோசித்துவிட்டுப் புன்னகைக்கிறார். ஏறத்தாழ அதே முகச்சாயலுடன் மணிப்பூரிலிருந்தோ மிசோரமிலிருந்தோ வந்து அழகு நிலையத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தெருவில் கிடைப்பது கேலி. ஆப்பிரிக்க மாணவருக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே நம்மைக் கூசவைப்பது முகமோ மொழியோ மட்டுமல்ல. வந்தவரின் பணமும் பதவியும் நிறமும் சேர்ந்து அந்தக் கூச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. பண்பாட்டு வேறுபாடு என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

வேறுபட்ட மக்கள் ஒருவரோடு ஒருவர் பழகினால் விலக்கம் குறையும் என்ற கருத்தை 1954இல் முன்வைத்த அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், எல்லாப் பழக்கமும் அந்தப் பலனைத் தராது என்பதையும் சேர்த்தே சொன்னார். இரு தரப்பும் சம நிலையில் சந்திக்க வேண்டும், பொதுவான இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதற்கு அரசும் சட்டமும் துணைநிற்க வேண்டும். சென்னையில் நாம் வட மாநிலத்தவரை எங்கே சந்திக்கிறோம்? உணவகத்தில் தட்டு எடுப்பவராக, அடுக்ககத்தில் காவலாளியாக, மெட்ரோ பணியில் தலைக்கவசம் அணிந்தவராக. வேலை முடிந்ததும் அவர் தகரக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். எத்தனை ஆண்டு ஒரே ஊரில் இருந்தாலும் இதற்குப் பெயர் பழக்கம் ஆகாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. நாம் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"வந்தவங்கதான் நம்மள மாதிரி மாறணும்" என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தமிழ் கற்றுக்கொள்வது அவர்களுக்கே பயன் தரும். ஆனால் 1966இல் சிவசேனை தோன்றியபோது பம்பாயில் தென்னிந்தியர்களை நோக்கிப் பேசப்பட்டதும் ஏறத்தாழ இதே தொனியில்தான். சிங்கப்பூரிலோ, நம் உறவினர் பலரும் குடியிருக்கும் வீடமைப்பு வாரிய அடுக்ககங்களில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைக்கும் விதி 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டை விற்கும்போது சிறுபான்மையினருக்கு அது இடைஞ்சல் என்ற குறை இருந்தாலும், சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட சம நிலைச் சந்திப்பு இங்கே நடக்கும் இடம் எனக்குத் தெரிந்து அரசுப் பள்ளிதான். அங்கே புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளுடன் ஒரே சீருடையில் அமர்ந்து தமிழ் எழுதுகிறார்கள். இந்தப் பதிவைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோரின் பிள்ளைகள் அந்த வகுப்பில் இல்லை.