34 கேட்ட மகனுக்கு 43

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் மிட்ச் மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். 2025 ஜூலை பிறந்ததிலிருந்து என் முகநூலில் ரொறன்ரோ நண்பர்களில் பாதிப் பேர் "தொலைந்தது சனியன்" என்கிறார்கள். மீதிப் பேர் "ஊர்ப் பிள்ளையைத் திட்டித் திட்டியே துரத்திவிட்டீர்களே" என்று அழுகிறார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் இடமில்லை. நான் சொல்ல வருவது 2017இல் நடந்த பழைய கதை. ஐஸ் ஹொக்கி தெரியாதவர்களும் வாசிக்கலாம். முதல் பத்து வருடம் எனக்கும் தெரியாது. பக் என்ற அந்தக் கறுப்புத் தட்டு எங்கே போகிறது என்று கண்ணுக்கே பிடிபடாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, 2017 ஏப்ரல் 23. மேப்பிள் லீஃப்ஸ் அணி வொஷிங்டனிடம் சொந்த அரங்கில் 2-1 என்று மேலதிக நேரத்தில் தோற்று வெளியேறியது. ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அனுப்பினார்கள். இரண்டாவது, 2025 மே 18. அதே அரங்கு, புளோரிடாவிடம் 6-1. ரசிகர்கள் ஊளையிட்டு அனுப்பினார்கள். இரண்டு இரவுகளிலும் நம் அணி அடித்தது ஒரேயொரு கோல். முதல் இரவில் நாம் எதற்காகக் கைதட்டினோம் என்பதுதான் என் சந்தேகம்.

அந்தக் கைதட்டலுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 2015-16 பருவத்தில் லீஃப்ஸ் லீக்கின் முப்பது அணிகளில் முப்பதாவது. 82 ஆட்டங்களில் 69 புள்ளிகள். புதிய பயிற்சியாளர் மைக் பாப்கொக் வந்த அன்றே, முன்னால் வலி காத்திருக்கிறது என்று எச்சரித்திருந்தார்; சொன்ன சொல் தவறவில்லை. கடைசி இடத்துக்குக் கிடைத்த பரிசு, குலுக்கலில் வந்த முதல் தேர்வு, அதாவது புதிய இளம் ஆட்டக்காரர்களில் ஒருவரை முதலில் எடுக்கும் உரிமை. அதில் எடுத்த பையன்தான் ஓஸ்டன் மத்யூஸ். பனியே விழாத அரிசோனாப் பாலைவனத்தில் வளர்ந்தவன், முதல் பருவம் தொடங்கும்போது வயது 19. பக்கத்தில் அதே வயது மார்னர், ஒரு வயது மூத்த வில்லியம் நைலாண்டர்.

2016 அக்டோபர் 12, ஒட்டாவாவில் மத்யூஸின் முதல் ஆட்டம். நான்கு கோல்கள்! முதல் ஆட்டத்திலேயே நான்கு அடித்தவர் நவீன காலத்தில் வேறு யாரும் இல்லை. பார்வையாளர் வரிசையில் அவனுடைய தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எல்லோரும் மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன்: அந்த ஆட்டத்தில் லீஃப்ஸ் தோற்றது. மேலதிக நேரத்தில் 5-4. வெற்றிக் கோலை அடித்த டுரிஸைக் கவனிக்க வேண்டியவன் மத்யூஸ்தான். அது தன் பிழை என்று அவனே ஒப்புக்கொண்டான். ஒரு வாரம் கழித்து வின்னிபெக்கில் 4-0 என்று முன்னால் நின்று, திரும்பவும் மேலதிக நேரத்தில் 5-4 தோல்வி. அடிக்கத் தெரிந்த பிள்ளைகள், கதவைப் பூட்டத் தெரியாத பிள்ளைகள். முதல் வாரத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. நாங்கள் கோல்களை மட்டும் எண்ணினோம்.

கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. மேலதிக நேரத்தில் தோற்றால் ஒரு புள்ளி தருவார்கள். தோற்றவனுக்கு என்ன புள்ளி என்று நான் தலையில் அடித்துக்கொண்டதுண்டு. அந்தப் பருவத்தில் லீஃப்ஸ் அப்படித் தோற்றே 15 புள்ளிகள் சேர்த்தது. 40 வெற்றி, 27 தோல்வி, 15 அரைத்தோல்வி, மொத்தம் 95. முந்தைய வருடத்தை விட 26 கூடுதல். மத்யூஸ் 40 கோல்கள், பருவத்தின் சிறந்த புதுமுகம். மார்னரும் நைலாண்டரும், அடித்த கோலும் உதவிய கோலும் சேர்த்து, ஆளுக்கு 61 புள்ளிகள். நகரமே பைத்தியமாகியது.

எங்கள் வீட்டிலும் பைத்தியம்தான். புதுவருட நாளில் திறந்தவெளியில் டெட்ராய்ட்டோடு ஓர் ஆட்டம் நடந்தது. அதில் வென்ற கோலும் மத்யூஸுடையது. அப்போது என் மகனுக்குப் பத்து வயது. 34 என்று மத்யூஸின் இலக்கம் போட்ட நீலச் சட்டை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஸ்காபரோவில் இரவு வேலை செய்கிறவனின் சம்பளத்துக்கு அந்தச் சட்டையின் விலை கொஞ்சம் அதிகம். மலிவு விற்பனையில் ஒன்றைக் கண்டேன். இரவு வேலை முடித்த கண்களோடு எடுத்துக்கொண்டு வந்தேன். பிரித்துப் பார்த்தவனின் முகம் சுருங்கியது.

"அப்பா, இது 43."

"அதனால் என்ன?"

"இது காத்ரி."

நஸீம் காத்ரி யார் என்று எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தேன். அவரும் லீஃப்ஸ் ஆட்டக்காரர்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டனில் பிறந்தவர். லெபனானிலிருந்து வந்த குடும்பம். எதிரணியின் நட்சத்திரத்தை நிழலாகத் தொடர்வது, இடிப்பது, கோபப்படுத்துவது அவருடைய வேலை. அந்த வேலையோடு அந்தப் பருவத்தில் 32 கோல்களும் அடித்திருந்தார். முதுகில் அப்படியொரு பெயரைச் சுமந்தபடி ஒருவர் இந்த ஊர் விளையாட்டில் முட்டி மோதுகிறார் என்பதே எனக்குப் பிடித்துப்போயிற்று. மகனுக்குப் பிடிக்கவில்லை. பைஜாமாவுக்கு மேலே அணிவான், பள்ளிக்கூடத்துக்குப் போடமாட்டான்.

பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகளில் இடம் உறுதியானது கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள், பிட்ஸ்பர்க்குடன். கோல்காப்பாளர் அண்டர்சன் காயப்பட்டு வெளியேற, மாற்றுக் கோல்காப்பாளர் மெக்கெல்ஹினி கடைசி நேரத்தில் பிட்ஸ்பர்க் நட்சத்திரம் சிட்னி குரோஸ்பியின் அடியைத் தடுத்தார். மறுநாள் கொலம்பஸுடன் ஒரு புள்ளி கிடைத்திருந்தால் முதல் சுற்றில் ஒட்டாவா. கிடைக்கவில்லை, 3-2 தோல்வி. அதனால் எதிரே வந்தது 118 புள்ளிகளோடு முழு லீக்கிலும் முதலிடத்தில் இருந்த வொஷிங்டன். (அந்த ஒட்டாவா அரையிறுதியின் ஏழாவது ஆட்டம் வரை போனது. அரைத்தோல்விக்குக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளியை நான் இப்போது கேலி செய்வதில்லை.)

அந்தத் தொடரைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆறு ஆட்டங்கள், ஆறும் ஒரு கோல் வித்தியாசம், ஐந்து மேலதிக நேரத்துக்குப் போனவை. பிளேஆஃப் மேலதிக நேரம் கொடூரமானது. சாதாரணப் பருவத்தில் ஐந்து நிமிடம், பிறகு பெனால்டி போல ஒன்று என்று முடித்துவிடுவார்கள். பிளேஆஃபில் யாராவது கோல் அடிக்கும் வரை இருபது இருபது நிமிடங்களாக நீளும், விடியும் வரை என்றாலும். நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையின் இடைவேளை அறையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. மேலதிக நேரம் தொடங்கினால் மேற்பார்வையாளர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசுவது போல நிற்பார். நல்ல மனிதர்.

முதல் ஆட்டம்: 2-0 முன்னிலை, 3-2 தோல்வி. இரண்டாவது: இரண்டாம் மேலதிக நேரத்தில் 4-3 வெற்றி. அடித்தவர் கஸ்பரி கப்பானென், குறைந்த நேரமே ஆடக் கிடைக்கும் நான்காம் வரிசை ஆட்டக்காரர். அன்று அவருக்கு இரண்டு கோல்கள். மூன்றாவது: 3-1 என்று பின்தங்கி, சமன் செய்து, மேலதிக நேரத்தில் டைலர் போசாக் முடித்துவைத்தார். தொடரில் 2-1 என்று லீஃப்ஸ் முன்னிலை. அன்றிரவு அரங்குக்கு வெளியே சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணமே கிடைத்துவிட்டது போல இருந்தது. நான்காவது 5-4 தோல்வி. ஐந்தாவதும் 2-1 தோல்வி. ஆறாவதில் மூன்றாம் பகுதியில் மத்யூஸ் ஒன்று அடித்தான். முன்னிலை சில நிமிடங்கள்தான் தாங்கியது. மார்கஸ் யொஹான்சன் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் வென்றதும் அவரே.

இடைவேளை அறையில் ஒரு கிழவர் இருந்தார். 1967இல் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கிண்ணம் வென்றபோது அவருக்கு ஒன்பது வயது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என் தோளில் தட்டினார். "கவலைப்படாதே, எல்லாம் குழந்தைகள். இன்னும் பத்து வருடம் இருக்கிறது" என்றார். முழு நகரமும் அன்றிரவு அதைத்தான் சொன்னது. நானும் நம்பினேன்.

இப்போது கேளுங்கள். அந்தத் தொடரில் லீஃப்ஸ் வென்ற இரண்டு ஆட்டங்களையும் முடித்தவர்கள் கப்பானெனும் போசாக்கும். நட்சத்திரப் பிள்ளைகள் அல்ல. மத்யூஸ் கடைசி நான்கு ஆட்டங்களிலும் ஒவ்வொன்று அடித்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பனித்தளம் இறுகி, இடம் குறைந்து, ஆளை ஆள் இடித்துத் தள்ளும் நேரத்தில் மூக்கில் ரத்தத்தோடு கோல் வாசலில் நிற்கும் ஆட்கள் அந்த அணியில் இருந்தார்கள். காத்ரி, போசாக், கப்பானென், சக் ஹைமன், கொனர் பிரவுன். நாங்கள் அந்த அணியின் ஒரு பாதியைக் காதலித்தோம். மற்றப் பாதி தானாகவே முளைக்கும் என்று நினைத்தோம். நிர்வாகமும் அப்படியே நினைத்தது.

2018இல் ஜோன் டவாரெஸ் என்ற இன்னொரு நட்சத்திரம் வந்தார், வருடத்துக்கு 1 கோடியே 10 லட்சம் டொலர். அடுத்த வருடத்துக்குள் மத்யூஸுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, மார்னருக்குக் கொஞ்சம் குறைய, நைலாண்டருக்கு 69 லட்சத்துக்கு மேல். நால்வருக்கும் சேர்த்து 4 கோடிக்கு மேல். அணிச் சம்பளத்தின் உச்சவரம்பே 8 கோடியே 15 லட்சம். கோவிட் வந்து அது ஏறாமல் நின்றுவிட்டது. நான்கு பேர் சாப்பிட்ட பிறகு மீதிப் பானையில் இருபது பேருக்குச் சோறு. போசாக் 2018இல் போனார். காத்ரியும் பிரவுனும் 2019இல். கப்பானென் 2020இல். ஹைமன் 2021இல்.

காத்ரி விடயத்தில் நியாயமாகவும் பேச வேண்டும். பொஸ்டனுக்கு எதிராக இரண்டு வருடம் தொடர்ந்து பிளேஆஃபில் கோபத்தில் ஆளை அடித்துத் தடை வாங்கினார். அவரை விற்ற அன்று நானும் "சரிதான்" என்று சொன்னவன்.

ஆனால் பாருங்கள். போசாக் 2019இல் செயின்ட் லூயிஸ் அணியோடு கிண்ணம் தூக்கினார். இறுதியில் அவர்கள் வீழ்த்தியது, அந்த வசந்தத்தில் நம்மை வீழ்த்திய அதே பொஸ்டனை. காத்ரி 2022இல் கொலராடோவுக்காக, அறுவைச்சிகிச்சை செய்த விரலோடு இறுதிச் சுற்றுக்கு வந்து, நான்காவது ஆட்டத்தை மேலதிக நேரத்தில் வென்று கொடுத்தார். கிண்ணத்தை லண்டன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். ஹைமன் எட்மன்டனில் ஒரே பருவத்தில் 54 கோல்கள். இங்கே நால்வரும் பருவம் முழுக்கக் கோல்களைக் குவித்தார்கள். ஆனால் தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் என்று வந்தால்? 2019இல் ஒரு கோல். 2021இல் ஒரு கோல். 2022இல் ஒரு கோல். 2024இல் ஒரு கோல். 2025இல் ஒரு கோல். ஐந்து தடவையும் தோல்வி. 2017இன் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களிலும் ஒவ்வொரு கோல்தான் என்பதை இந்த வரிசைக்கு முன்னால் ஒட்டிப் பாருங்கள். அன்று அதை வீரத்தோல்வி என்றோம். 2017இலிருந்து 2025 வரை ஒன்பது வருடத்தில் வென்ற தொடர்கள் இரண்டே இரண்டு.

என் மைத்துனர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். "வொஷிங்டனைப் பார். அவர்களுடைய தலைவர் ஓவெச்கினையும் பத்து வருடத்துக்கு மேல் இப்படித்தான் திட்டினார்கள். நம்மை வென்ற மறுவருடமே கிண்ணம் எடுத்தார்கள். பொறுத்தவன் பூமி ஆள்வான்." நல்ல வாதம்தான், அவர் வாதங்கள் எப்போதும் நல்லவை. ஆனால் 2018இல் கிண்ணத்தை வென்ற அந்தக் கடைசி ஆட்டத்தில் சமன் செய்த கோல் ஸ்மித்-பெல்லியுடையது, வெற்றிக் கோல் லார்ஸ் எல்லருடையது. இருவரும் பின்வரிசை ஆட்கள். ஓவெச்கின் பொறுத்திருந்தார் என்பது உண்மை. அவர் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. மைத்துனர் இரண்டாவதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

ஆகவே மார்னர் போனதற்கு நான் அழவும் இல்லை, பட்டாசு கொளுத்தவும் இல்லை. அவருக்கு இத்தனை பணம் கொடுத்து, இத்தனை பாரம் ஏற்றி, பக்கத்தில் நிற்க வேண்டியவர்களை விற்றது அவர் அல்ல. அந்த ஏப்ரல் இரவில் கைதட்டிய எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

2025 மே 14 அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றும் லீஃப்ஸ் புளோரிடாவிடம் 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. தொடரின் ஐந்தாவது ஆட்டம். நான் வெறுத்துப்போய்த் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். நள்ளிரவு தாண்டி மகன் கதவைத் தட்டினான். அப்போது அவனுக்குப் பதினெட்டு. எட்மன்டன் மேலதிக நேரத்தில் 1-0 என்று வென்று லாஸ் வேகாஸை வெளியேற்றிவிட்டதாம். "அடித்தது யார் தெரியுமா அப்பா?" என்றான். தெரியவில்லை. கப்பானென்!

போன வாரம் அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது அந்த நீலச் சட்டை கிடைத்தது. தங்கையின் மகனுக்கு ஏழு வயது; எடுத்துப் போட்டுப் பார்த்தான், முழங்கால் வரை வந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"மாமா, 34 இல்லையா?"