ரீல்ஸ் பார்த்து வாங்கினாலும் வாசகர்தான்

இன்ஸ்டாவில் பார்த்துப் புத்தகம் வாங்குபவர்களை ஒருவர் கிண்டலடித்த அந்த மேடைப் பேச்சு வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். "இன்ஸ்டா பார்த்து புக் வாங்குறதெல்லாம் வாசகர்களா?" என்று அவர் கேட்டதைவிட, கீழே இருந்தவர்கள் கைதட்டியதுதான் எனக்கு வலித்தது.

ஆமாம், வாசகர்கள்தான். ரீல்ஸ் பார்த்து வாங்கினாலும் வாசகர்கள்தான்.

முந்தைய தலைமுறை மட்டும் எப்படி வாங்கியதாம்? 1950களில் பொன்னியின் செல்வன் கல்கியில் வாராவாரம் வந்தபோது, பக்கத்து வீட்டில் படிக்கிறார்கள் என்றுதான் இந்த வீட்டிலும் படித்தார்கள். தொடர்கதைப் பக்கங்களைச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தார்கள். அப்புறம், சுஜாதா ஒரு கவிஞரைப் பற்றி நாலு வரி எழுதினால் அந்தத் தொகுப்பைத் தேடி அலைந்தார்கள். அதெல்லாம் ரசனை. 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தபின் கல்லூரிப் பிள்ளைகள் அதே நாவலின் ஐந்து பாகங்களையும் வாங்கிப் போனால் மட்டும் கேவலமா?

என் அண்ணன் மகள் பி.காம் படிக்கிறாள். அவள் ஊரில் நோட்டு, கைடு விற்கும் கடைதான் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் கொலீன் ஹூவரை அவளுக்குக் காட்டியது இன்ஸ்டாதான். 2016இல் வந்த அவருடைய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவல், டிக்டாக்கில் பெண்கள் அழுதுகொண்டே பேசியதால் பல வருடம் கழித்து உலகமெங்கும் விற்றது. இங்கே டிக்டாக்கை 2020லேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் அந்த அலை இன்ஸ்டா வழியாக அவள் போனுக்கு வந்துவிட்டது. அடுத்து யாரோ ஒரு பெண் எழுத்தாளர் அம்பையின் கதைகளைப் பற்றிப் பேசிய ரீலைப் பார்த்துவிட்டு, "அத்தை, 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். படித்து முடித்த அன்று, அந்தக் கதையில் வரும் ராஜஸ்தான் வீட்டுப் பெண்களைப் பற்றி நள்ளிரவு தாண்டியும் போனில் பேசினாள். இவள் வாசகி இல்லையா?

போட்டோ போடத்தான் வாங்குகிறார்கள் என்பீர்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் பிரிக்காத தொகுதிகளை அடுக்கி வைத்தவர்கள் யார்? காசு வாங்கிக்கொண்டு புத்தகத்தைப் புகழ்பவர்கள் உண்டு, அது தப்பு, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே பத்துப் புத்தகத்தையே சுற்றுகிறார்கள் என்பதும் ஓரளவு உண்மை. அதற்கு என்ன செய்யலாம்? பதினொன்றாவது புத்தகத்தைப் பற்றி நீங்கள் பேசலாமே! தமிழில் ஒரு புத்தகத்தை 300 பிரதி அச்சடிக்கவே பதிப்பாளர்கள் யோசிக்கிறார்கள். டெலிகிராமில் திருட்டு பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும்போது, பாக்கெட் மணியைச் சேர்த்து வைத்துக் காசு கொடுத்து வாங்கும் பிள்ளையைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

சென்னை நந்தனம் புத்தகக் காட்சிக்கு அண்ணன் மகளைக் கூட்டிப்போனேன். ஓர் அரங்கில் போனில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஒரு புத்தகம் கேட்டாள். கல்லாவில் இருந்தவர் "ஓ, இன்ஸ்டா பார்ட்டியா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்கப்புறம் அவள் எந்த அரங்கிலும் எதையும் கேட்கவில்லை, பையைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரமணிசந்திரனின் காதல் நாவல்களைப் படித்த எங்கள் அக்காக்களைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தீர்கள். சமையல் முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு, கிடைத்த அரை மணி நேரத்தில் படித்தவர்கள் அவர்கள். பெண் பிள்ளைகள் ஆசையாக எதையாவது கையில் எடுத்தால் அதற்கு ஏன் உடனே ஒரு பரீட்சை வைக்கிறீர்கள்? யார் கொடுத்த அதிகாரம் அது?

கமெண்டில் "தரம்" என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள், உங்கள் வீட்டில் இருபது வயதில் இருக்கும் பிள்ளைக்குக் கடைசியாக எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட்டுப் பேசுங்கள்.